கேட்டவர்: மாடி அறை நண்பன்

வல்லக்கோட்டைக்குப் போகிற வழியில் ஒரு கொய்யாத் தோட்டம் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை மகளைக் கோயிலுக்குக் கூட்டிப் போனபோது அதன் வேலியோரம் வண்டியை நிறுத்தினேன். கிளிகளை விரட்டுவதற்காக மரத்துக்கு மரம் பழைய சிடிக்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். காற்றில் அவை சுழலச் சுழல, வெயில் துண்டு துண்டாக எங்கள் முகத்தில் அடித்தது. "இது என்னப்பா?" என்றாள் மகள். சிடி என்ற பொருளை அவள் கையில் தொட்டதே இல்லை. "இதுக்குள்ள பாட்டு, படம், விளையாட்டு எல்லாம் வச்சிருப்பாங்க" என்றேன். அவள் நம்பவில்லை. எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது.

நீ போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. நாம் இருவரும் பேசிக்கொண்டதற்குச் சமமாக எழுதியும் காட்டியிருக்கிறோம். ஆகையால் உனக்கு எழுதுவது எனக்குப் புதிய காரியம் இல்லை.

தொண்ணூறுகளின் கடைசி. தென்காசிப் பக்கத்தில் டிப்ளமோ முடித்துவிட்டு, இருங்காட்டுக்கோட்டையில் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஸ்ரீபெரும்புதூரில் உங்கள் வீட்டு மாடி அறை காலியாக இருக்கிறது என்று யாரோ சொல்லி வந்தேன். நீ கீழே கம்ப்யூட்டரில் கல்யாணப் பத்திரிகை ஒன்றைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாய். நான் வாசலில் நின்று இரண்டு மூன்று தடவை கூப்பிட்டும் நீ திரும்பவில்லை. திமிர் பிடித்தவன் என்று நினைத்தேன். உன் அம்மா பின்கட்டிலிருந்து வந்து, "அவனுக்குக் காது கேக்காதுபா. ஒதட்டப் பாத்து புரிஞ்சிக்குவான்" என்றார்கள்.

நீ என் உதட்டைப் பார்த்தாய். வெகுநேரம் பார்த்தாய். பிறகு அம்மாவிடம் திரும்பி, "இவன் பேசறது வேற மாரி கீதும்மா. பாதிதான் தெர்து" என்றாய். என் தெற்கத்திப் பேச்சு உதட்டில்கூட வேறு மாதிரிதான் தெரியும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். நான் 'வாரேன்', 'சொல்லுதேன்' என்பதையெல்லாம் நீ பழக ஒரு மாதம் ஆயிற்று. உதட்டு வாசிப்பில் உள்ள சிக்கல்களை எனக்கு ஒவ்வொன்றாகச் சொல்வாய். "அப்பான்னாலும் அம்மான்னாலும் ஒதடு ஒரே மாரிதான் ஒட்டும். எங்கப்பா இருந்த வரைக்கும் யாரைச் சொல்றாங்கன்னு எனக்கு ஒரே குழப்பம்."

மூளைக்காய்ச்சலில் உன் காது போனபோது உனக்குப் பதினோரு வயது. அதனால் உன் பேச்சு அந்த வயதோடு நின்றுவிட்டது. 'வூடு', 'இன்னா', 'கீது' எல்லாம் பள்ளிக்கூடத்துப் பையன் சொல்வதுபோலவே வரும். அதற்குப் பிறகு அறிந்த சொற்களெல்லாம் புத்தகத்தில் பார்த்தவை. அவற்றை எழுத்து எழுத்தாக, அச்சில் இருப்பதுபோலவே உச்சரிப்பாய். "எனக்கு இன்னா கீதுன்னா, தொழில்நுட்பம் சார்ந்த ஆர்வம்" என்று நீ ஒருமுறை சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். நீயும் சிரித்தாய். ஏன் சிரிக்கிறேன் என்று உனக்கு நன்றாகத் தெரிந்தே இருந்தது.

உங்கள் நிலம் தொழிற்பேட்டைக்குப் போன வருடமே உன் அப்பா டெலிபோனுக்கு எழுதிப் போட்டிருந்தாராம். போன் வந்தபோது அவர் இல்லை. உங்கள் தெருவில் அறை எடுத்துத் தங்கியிருந்த என்னைப் போன்ற தெற்கத்திப் பையன்கள் எல்லோருக்கும் அந்தப் போன்தான் தொடர்பு. ஊரிலிருந்து அழைப்பு வந்தால் உன் அம்மா வாசலில் நின்று குரல் கொடுப்பார்கள். நாங்கள் செருப்புகூடப் போடாமல் ஓடி வருவோம். "வூட்டுல போன் வந்திச்சு. தெருவுக்கே வந்திச்சு. எனக்கு மட்டும் வர்ல" என்று நீ ஒருநாள் சொன்னாய். குறையாகச் சொல்லவில்லை. அதற்குள் உனக்கும் அந்தப் போனை வர வைத்துவிட்டிருந்தாய்.

கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றில் படித்து, சென்னையில் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு மோடம் வாங்கி வந்து, நீ உன் கம்ப்யூட்டரை அந்தப் போனோடு இணைத்தாய். அதில் நீ தொடங்கிய புல்லட்டின் போர்டு என்றால் என்னவென்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது. என் மகளுக்கு இப்படித்தான் விளக்கினேன்: வேறொருவர் தன் கம்ப்யூட்டரிலிருந்து உன் நம்பரைச் சுழற்றினால், உன் கம்ப்யூட்டர் போனை எடுக்கும். அவர் திரையில் உன் வீடு விரியும். தகவல் எழுதி வைக்கலாம், மற்றவர்கள் எழுதியதைப் படிக்கலாம், கோப்புகளை இறக்கிக்கொள்ளலாம். ஒரு நேரத்தில் ஒருவர்தான் வர முடியும். இணையம் வைத்துக்கொள்ள எல்லோராலும் முடியாத காலம் அது. உன் போர்டுக்கு உள்ளூர் அழைப்பு போதும்.

மோடம் சேரும்போது கீச்சிட்டுக் கரகரவென்று கத்தும். "பூச்சி கத்தற மாரி கீது" என்று உன் அம்மா காதைப் பொத்திக்கொள்வார்கள். உனக்கு அதன் முகப்பில் இருந்த சிவப்பு விளக்குகள் போதும். எந்த விளக்கு எப்போது துடிக்கிறது என்பதை வைத்தே மறுமுனையில் இருப்பவர் புதியவரா, பழகியவரா என்று சொல்வாய். காலையில் உன் தட்டச்சு வேலை. மதியத்திலிருந்து பொழுது சாயும் வரை போர்டு. விளக்கு வைத்தபின் போன் அம்மாவுடையது. அந்த ஒப்பந்தத்தை நீங்கள் இருவரும் ஒருநாளும் மீறியதில்லை.

போர்டில் கோப்புகள் அதிகம் இல்லை என்பதுதான் உன் வருத்தம். எங்கள் கம்பெனி இன்ஜினியர் ஒருவர் வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போய் வந்தபோது ஒரு சிடி கொண்டு வந்தார். ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன கம்ப்யூட்டர் நிரல்கள், இலவசமாகப் பகிரலாம் என்ற குறிப்போடு. முதல் ஷிப்டு முடிந்து நேராக உன்னிடம் கொண்டு வந்தேன். நீ அதை வெளிச்சத்தில் சாய்த்து, ஏதோ எழுத்து தெரியும்போல வெகுநேரம் பார்த்தாய்.

சுலபமான வழி ஒன்று இருந்தது. சிடி தட்டிலேயே ஒரு பட்டியல் கோப்பு இருக்கும். அதை அப்படியே போர்டுக்குள் இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. அன்று மாலையே எல்லாக் கோப்பும் எல்லோருக்கும் கிடைக்கும். நான் அதைத்தான் சொன்னேன். நீ பட்டியலைத் திறந்து காட்டினாய். ஒவ்வொரு கோப்புக்கும் எட்டெழுத்தில் சுருங்கிப்போன ஒரு பெயர், பக்கத்தில் அரைகுறை ஆங்கிலத்தில் ஒரு வரி. சிலவற்றுக்கு அதுவும் இல்லை.

"இத்தப் பாத்து ஒருத்தன் இன்னான்னு இறக்குவான்? இறக்கிக்கினே இருப்பான், கடைசியில தொறந்தா ஒண்ணும் இருக்காது. அவன் போன் காசு போச்சு. அந்நேரம் வேற ஒருத்தன் லைன் கெடைக்காம உக்காந்திருப்பான்."

"எல்லாரும் இப்படித்தான்டே போடுதாங்க" என்றேன்.

"போடட்டும். நா தொறந்து பாக்காதத நல்லதுன்னு எப்டி சொல்றது?"

அந்த மழைக்காலம் முழுதும் அதே வேலை. ஒவ்வொரு நிரலாகத் திறந்தாய், ஓட்டினாய், கெட்டதைத் தள்ளினாய், வைரஸ் இருந்ததை ஒதுக்கினாய். நல்லதற்கு நீயே ஒரு வரி எழுதினாய், ஆங்கில எழுத்தில் தமிழ். இறக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் சேர்த்தாய். அந்த வரிகளில் பல எனக்கு இன்னும் மனப்பாடம். 'சதுரங்கம். நம்மைச் சுலபமாக ஜெயிக்கும். கோபப்படாதே.' 'ரெசிஸ்டரின் வண்ணக்கோடு பார்த்து மதிப்புச் சொல்லும். சரியாகச் சொல்கிறது, சோதித்தேன்.' 'நட்சத்திர வரைபடம். அட்சரேகை பதிமூன்று என்று போட்டால் நம் ஊர் வானம் வரும்.' 'அமெரிக்காவில் வரி கட்டுகிறவர்களுக்கு. நமக்கு வேண்டாம்.'

பிறகு ஒலிக் கோப்புகள் வந்தன. தட்டில் ஒரு பகுதி முழுக்க இசையும் ஓசைகளும். நீ அதைத் தொடாமல் தாண்டிவிடுவாய் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். நீ மாடிக்கு ஏறி வந்தாய். "எறங்கி வா. நீ கேளு, நா எழுதறேன்" என்றாய்.

நாள் முழுதும் தகடு அடிக்கிற சத்தத்தில் நிற்பவன் நான், காதுக்கு அவ்வளவு மரியாதை கொடுத்தவன் இல்லை. பாட்டுக் கேட்டால் 'நல்லாருக்கு', 'நல்லால்ல' அவ்வளவுதான். நீ விடவில்லை. ஹெட்போனை என் தலையில் மாட்டிவிட்டு எதிரே உட்கார்ந்து கேட்பாய். "எப்டி கீது?" "மழை பெய்யுத மாதிரி." "எது மேல பெய்ற மழ? கூரை மேலயா, தகரத்து மேலயா?" நான் மறுபடி கேட்பேன். "தகரந்தான்." "தூறலா, கொட்டுதா?" ஒருநாள் ஒரு வாத்திய ஓசைக்கு எனக்கு வார்த்தையே கிடைக்கவில்லை. அடியிலிருந்து எழும்பி எழும்பி வருகிறது, நிற்காமல் வருகிறது என்று கையை ஆட்டிக் காட்டினேன். நீ என் கையையே பார்த்துவிட்டு, "ஏரியில மதகு தொறந்தா, மொதல்ல ஒண்ணும் வராது, அப்பால உள்ளேருந்து ஒரு சத்தம் கிளம்பும் பாரு, அந்த மாரியா?" என்றாய். அப்படியேதான் இருந்தது. பதினோரு வயது வரை கேட்டதையெல்லாம் நீ பத்திரமாக வைத்திருந்தாய். நான் சொல்கிற ஒவ்வொன்றையும் அங்கே கொண்டுபோய் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அந்தப் பகுதியில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் நீ ஒன்று சேர்த்தாய்: 'கேட்டவர்: மாடி அறை நண்பன்.' எதற்கு இது என்றேன். "நா கேக்கல இல்ல? கேட்டது நீ. கேட்டவன் பேரத்தானே போடணும்?" என்றாய்.

பொங்கலுக்குள் எல்லாவற்றையும் போர்டில் ஏற்றினாய். அதன்பிறகு மதியத்தில் லைன் கிடைப்பதே கஷ்டமாகிவிட்டது. தொழிற்பேட்டை அலுவலகங்களில் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து அழைத்தார்கள். பள்ளிக்கூடத்து கம்ப்யூட்டர் ஆசிரியர் ஒருவர் அழைத்தார். எல்லோருக்கும் புனைபெயர். அவர்களில் 'வைகைக்கரையான்' என்று ஒருவர். ஓரகடம் பக்கம் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த தொழிற்சாலையில் மேனேஜர். அவர் ஒருநாள் எழுதியிருந்தார்: 'இந்தக் கோப்புப் பட்டியலை அடுக்கியது யார்? எங்கள் வெளிநாட்டுக் கம்பெனி பெட்டி பெட்டியாக சிடி அனுப்புகிறது. எல்லாம் இயந்திர வரைபடங்கள். வேண்டியதைத் தேடி எடுக்க ஆள் இல்லை. வேலைக்கு வர விருப்பமா? இந்த நம்பருக்குப் போன் செய்யவும்.'

எனக்குக் கை கால் ஓடவில்லை. நீ பேசுவதுபோல நான் போனில் பேசுகிறேன், நேரில் போனபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றேன். நீ ஒப்புக்கொள்ளவில்லை. 'போன் வேண்டாம், இங்கேயே எழுதுங்கள்' என்று மட்டும் பதில் போட்டாய். அவர் விடாமல் போனிலேயே அழைத்தார். மதியத்தில் மோடம் எடுத்துக் கத்தியது. மாலையில் உன் அம்மா எடுத்து, "அவன் பேச மாட்டான் சார்" என்று வைத்துவிட்டார்கள். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. போர்டில் எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதினார்: 'கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துவிட்டது. இந்த போர்டை நடத்துகிறவருக்குக் காது செவிடா?'

ஷிப்டு முடிந்து வந்தபோது நீ திரையைக் காட்டினாய். "இவன இனி உள்ள விடாத. பேர அழி" என்றேன். நீ என்னை ஆச்சரியமாகப் பார்த்தாய்.

"ஏன்? அவரு கேட்டது கேள்விதானே? பதில் சொன்னா முடிஞ்சிது."

தட்டச்சுப் பலகையை இழுத்து வைத்துக்கொண்டாய். நான் பின்னால் நின்று படித்தேன். 'ஆமாம். பதினோரு வயதில் போய்விட்டது. அதனால்தான் போன் வேண்டாம் என்றேன். வேலையில் எனக்கு விருப்பம் உண்டு.' அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போகலாமா என்று கேட்டாய். டீக்கடைக்குப் போனோம். அதுவரை போர்டுக்கு வந்த ஒருவருக்கும் உனக்குக் காது கேட்காது என்று தெரியாது. அங்கே நீ எல்லோரையும்போல ஒருவனாக இருந்தாய். அதை ஒரே வரியில் விட்டுக்கொடுத்துவிட்டு வந்து டீ குடித்துக்கொண்டிருந்தாய்.

சில நாட்கள் அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. மற்றவர்கள் எழுதினார்கள், உன்மேல் அன்பாகவே எழுதினார்கள். அவர் பெயர் மட்டும் உள்ளே வரவில்லை. பிறகு ஒரு விடுமுறை நாளில் வாசலில் ஒரு கார் நின்றது. பெரிய மீசை வைத்த மதுரைக்காரர் ஒருவர் இறங்கி வந்தார், வைகைக்கரையான் அவர்தான். உன் முன்னால் நின்று, ஒவ்வொரு சொல்லாக, தெருவே கேட்கும்படி, "என்னைய... மன்னிக்கணும்... தம்பி" என்றார்.

"கத்தாதீங்க சார். மொள்ளமா பேசினாலே தெர்யும். மீசதான் மறைக்குது" என்றாய்.

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு உட்கார்ந்து, "கேட்டவர் மாடி அறை நண்பன்னு அத்தன தடவ படிச்சேனே. ஏதோ ஸ்டைலுக்குப் போட்டிருக்காப்லன்னு நெனச்சேன். புத்தி வேலை செய்யல" என்றார். உன் அம்மா காபி கொண்டுவந்து வைத்தார்கள். அன்று அவர் கொண்டு வந்த சிடிக்களில் ஒன்றை நீ மாலைக்குள் பிரித்து அடுக்கிக் காட்டினாய்.

அதற்குப் பிறகும் வேலை உடனே கிடைத்துவிடவில்லை. ஆலைக்குள் சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகள் ஓடும், ஹாரன் கேட்காத ஆளை உள்ளே விட முடியாது என்று அவர்கள் அலுவலகத்தில் மறுத்துவிட்டார்கள். அந்தச் செய்தியை மேனேஜர் போர்டில்தான் எழுதினார். உன் அம்மா என்னிடம், "ஆசை காட்டிட்டு இப்டி பண்ணிட்டாங்களே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் நீ அவருக்கு எழுதினாய். கோபமாக ஏதாவது எழுதியிருப்பாயோ என்று பார்த்தேன். 'அவர்கள் சொல்வது சரி. வண்டி பின்னால் வந்தால் எனக்குத் தெரியாது. திருப்பங்களில் பேருந்து நிலையத்தில் இருப்பதுபோல ஒரு உருண்டைக் கண்ணாடி வைத்தால் தெரியும். வைக்க முடியுமா என்று கேளுங்கள்.'

அவர் அதைத் தாளில் அச்செடுத்துக்கொண்டு எத்தனை அறை ஏறி இறங்கினாரோ. கோடை தொடங்குவதற்குள் உனக்கு ஆள் அனுப்பினார்கள். முதல் நாள் வேலை முடிந்து வந்து நீ சொன்னது வேலையைப் பற்றி இல்லை. "மீசய எடுத்துட்டாரு" என்றாய். "ஒதட்டு மேல கோடு மாரி கொஞ்சூண்டுதான் கீது. எல்லாரும் இன்னா சார்னு கேக்கறாங்களாம். வெயிலுன்னு சொல்லிக்கினு கீறாரு." சிரித்துச் சிரித்து உனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

கண்ணாடிகள் உனக்காக வந்தவை. வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் பிடித்துப்போய், பிறகு எல்லா மூலையிலும் வைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். நீ அதைப் பற்றிப் பெருமையாக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஊரில் பிரவுசிங் சென்டர்கள் வந்தன. போர்டுக்கு அழைப்புகள் குறைந்தன. ஒருநாள் யாருமே அழைக்காமல் பொழுது சாய்ந்தது. நீ ஒரு வாரம் அறிவிப்புப் போட்டு வைத்துவிட்டு, போர்டை மூடினாய். நான்தான் வருந்தினேன். நீ அதற்குள் அடுத்ததற்குப் போய்விட்டிருந்தாய். செல்போனும் எஸ்எம்எஸ்ஸும் வந்த புதிதில் உனக்கு இருந்த சந்தோஷத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. பஸ்ஸில் எல்லோரும் குனிந்து தட்டிக்கொண்டிருப்பதைக் காட்டி, "பாத்தியா, ஊரே இப்ப என்ன மாரிதான் பேசுது" என்றாய்.

எனக்குக் கல்யாணம் ஆகி மறைமலை நகருக்குப் போனேன். வாரத்துக்கு ஒருமுறையாவது உன் செய்தி வரும். பிறகு ஒரு காலையில் உன் எண்ணிலிருந்து வராமல் வேறொரு எண்ணிலிருந்து வந்தது. வேலைக்குக் கிளம்ப சட்டை மாட்டும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் முடிந்துவிட்டதாம்.

காரியங்கள் முடிந்து எல்லோரும் போனபின் உன் அம்மா உன் செல்லைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்கள். "அவன் போனதுலேர்ந்து இது மின்னிக்கினே கீதுபா. எனக்குப் படிக்கத் தெர்யாது. யாரு இன்னா சொல்றாங்கன்னு சொல்லு" என்றார்கள். நான் ஒவ்வொன்றாகப் படித்தேன். உன் ஆலையிலிருந்து, பழைய போர்டு நண்பர்களிடமிருந்து, நான் பெயர்கூட அறியாதவர்களிடமிருந்து. நீ இன்னும் இருப்பதுபோல உன்னிடமே பேசியிருந்தார்கள். ஒருவர் எழுதியிருந்தார்: 'நான் அனுப்பும் எதையும் நீங்கள் படிக்காமல் விட்டதில்லை. இதையும் படிப்பீர்கள்.' அம்மா அதை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னார்கள்.

இப்போது நான் பிரஸ் ஷாப்பில் புதிதாக வருகிற பையன்களுக்குப் பொறுப்பாளன். அங்கே இயந்திரம் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதும் கேட்காது. எல்லோரும் காதருகே போய்க் கத்துவார்கள். நான் கத்துவதில்லை. பையன் என்னைப் பார்க்கும் வரை காத்திருப்பேன். என் முகத்தில் வெளிச்சம் விழும்படி நின்றுகொள்வேன். வாயில் எதையும் மெல்லாமல், கையால் மறைக்காமல், சொற்களை முழுதாகச் சொல்வேன். புதுக்கோட்டைப் பையன் ஒருவன் போன வாரம் கேட்டான்: "எப்புடிண்ணே, நீங்க மெதுவாத்தான் பேசுறீங்க, ஆனா உங்களது மட்டும் புரியுது?"

என் கூட இருந்த ஒருத்தன் பழக்கினது என்று சொன்னேன். இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. அவனுக்கு அதுவும் புரிந்தது.